ஸாக்கை எனக்குப் பிடித்திருந்தது

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ‘மைண்டிங் தி கேப்’ ஆவணப்படத்தை முதல் தடவை பார்த்தபோது, அதில் வருகிறவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவன் ஸாக்தான். வாய் ஓயாத பையன். வீடுகளுக்குக் கூரை போடுகிற வேலை. சாயங்காலமானால் ஸ்கேட்போர்டு, பீர், சிரிப்பு. காதலி நீனா கர்ப்பமாக இருக்கிறாள், இவனுக்கே இன்னும் பிள்ளைத்தனம் போகவில்லை, ஆனாலும் பரவாயில்லை, சமாளித்துக்கொள்ளலாம் என்று ஒரு மிதப்பு. எல்லா செட்டிலும் இப்படி ஒருத்தன் இருப்பான். அவன் வராத நாளில் ஆட்டம் களைகட்டாது.

படம் பாதி ஓடிய பிறகு அவனைப் பற்றி ஒரு சேதி வருகிறது. நான் லேப்டாப்பை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். சேதி மோசமானதுதான். அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது, அது தெரிந்த பிறகும் அவனை எனக்குப் பிடிக்காமல் போகவில்லை என்பது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். அமெரிக்காவில் சிகாகோவிலிருந்து வடமேற்கே ஒன்றரை மணி நேரக் கார் பயண தூரத்தில் ராக்ஃபோர்டு என்று ஒரு ஊர். ஜனத்தொகை ஒன்றரை லட்சம் இருக்கும். ஒரு காலத்தில் மேசை நாற்காலியும் திருகாணியும் செய்து நாடு முழுக்க அனுப்பிய ஊர். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூட, வேலைகள் போயின. இருக்கிற வேலைகளில் சம்பளம் கம்மி. பாதி காலியாகக் கிடக்கிற அந்த ஊரின் நடுவில், அகலமான வெற்றுத் தெருக்களில், பலகைக்குக் கீழே நாலு சக்கரம் மாட்டிக்கொண்டு பையன்கள் போகிறார்கள். ஒருவன் ஸாக், வெள்ளைக்காரன். இன்னொருவன் கீயர், கறுப்பினப் பையன், மூவரில் இளையவன். மூன்றாவது ஆள் பெரும்பாலும் கண்ணில் படமாட்டான், ஏனென்றால் கேமராவைப் பிடித்திருப்பவன் அவன்தான். பிங் லியூ. சீனாவில் பிறந்து, ஐந்து வயதில் அமெரிக்கா போய், எட்டு வயதில் அம்மாவோடு ராக்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்தவர். படத்தின் இயக்குநர்.

படம் 2018 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டுச் சிறப்பு ஜூரி விருது வாங்கியது. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இருந்தது. அந்த வருடம் விருதை வாங்கியது கயிறு கட்டாமல் செங்குத்துப் பாறையில் ஏறுகிற ஒருவரைப் பற்றிய படம். எது பயம், எது துணிச்சல் என்பதில் எனக்கும் ஆஸ்கர்காரர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு என்பதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

‘கேப்’ என்பது ஸ்கேட்போர்டு பேச்சில் தாண்டவேண்டிய இடைவெளி. ஒரு மேடைக்கும் அடுத்த மேடைக்கும் நடுவில், படிக்கட்டின் தலைக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடம். லண்டன் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களுக்குச் சொல்கிற எச்சரிக்கையும் அதே வார்த்தைதான். தலைப்புக்கு இந்த அளவு விளக்கம் போதும். படம் ஓட ஓட அந்த இடைவெளி எத்தனை இடத்தில் இருக்கிறது என்பது தானாகத் தெரியும்.

ஆரம்பக் காட்சியைச் சொல்லவேண்டும். பல மாடி கார் நிறுத்துமிடம், ஆளே இல்லை. மேல் மாடியிலிருந்து பையன்கள் பலகையில் நின்றபடி சரிவில் வழுக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு வளைவு, இன்னொரு வளைவு, அப்புறம் தெரு. கேமரா அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே, குலுங்காமல், தண்ணீரில் மிதப்பதுபோல வருகிறது. காரில் உட்கார்ந்து எடுத்த ஷாட் இல்லை. பிங்கும் ஒரு ஸ்கேட்போர்டில் நின்றபடி, கையில் கேமராவைத் தாங்கிக்கொண்டு, அவர்களுடைய வேகத்திலேயே வருகிறார். விழுந்தால் அவரும் விழவேண்டும், கேமராவும் உடையவேண்டும். நண்பனைப் படம் பிடிப்பதென்றால் அவன் போகிற வேகத்தில் போயாகவேண்டும் என்கிற கணக்கு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

என் அக்கா மகன் ஒரு ஸ்கேட்போர்டு வைத்திருந்தான். அவனுடைய அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒருநாள் நானும் ஏறி நின்று பார்த்தேன். மூன்று விநாடி நின்றிருப்பேன். அதற்கப்புறம் இரண்டு வாரம் என்னால் சரியாக உட்கார முடியவில்லை. அதனால் இந்த விளையாட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை. இதில் அடிப்படை வித்தைக்குப் பெயர் ஓலி. பின்னங்காலால் பலகையின் வாலைத் தரையில் அறையவேண்டும், அதே நொடியில் முன்னங்காலைப் பலகை மேல் உரசியபடி மேலே இழுக்கவேண்டும். சரியாக வந்தால் பலகை காலில் ஒட்டிக்கொண்டதுபோல எழும்பிவரும். கை படவே கூடாது. எழுத இரண்டு வரி, பழக மாதக்கணக்கு. ஒரு வித்தையை நாற்பது தடவை முயன்று, நாற்பது தடவையும் சிமெண்டுத் தரையில் விழுந்து, நாற்பத்தொன்றாவது தடவை நின்றுவிட்டால் சுற்றி நிற்பவர்கள் கத்துகிற கத்தல் இருக்கிறதே, வீட்டில் ஒரு நல்ல வார்த்தை கேட்டிராத பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அந்த நாற்பத்தொன்றாவது தடவைக்காகத்தான் கேமரா. ஸ்கேட்போர்டு உலகத்தில் யாராவது ஒருத்தன் கையில் எப்போதும் கேமரா இருக்கும். வித்தை படத்தில் பதிவாகாவிட்டால் அது நடந்ததாகவே கணக்கில்லை. பிங்கும் அந்தப் பழக்கத்தில்தான் ஆரம்பித்தார். சின்ன வயதில் எடுத்த வீடியோக்கள், பிறகு சிகாகோவில் படப்பிடிப்புகளில் கேமரா உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே எடுத்தவை என்று ஏறக்குறைய பன்னிரண்டு வருடக் காட்சிகள் 93 நிமிடப் படத்துக்குள் இருக்கின்றன. படத்துக்குப் பின்னால் நின்றது சிகாகோவின் கார்டெம்க்வின் நிறுவனம். ‘ஹூப் ட்ரீம்ஸ்’ எடுத்தவர்கள். இரண்டு கறுப்பினப் பையன்களின் கூடைப்பந்துக் கனவை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த அந்த 1994ஆம் வருடப் படத்தின் இயக்குநர் ஸ்டீவ் ஜேம்ஸ், இந்தப் படத்தில் நிர்வாகத் தயாரிப்பாளர்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே எடுக்கிறவர்கள் வெளியாட்கள். இங்கே எடுக்கிறவனும் அதே அடியை வாங்கியவன்.

கீயருடைய பழைய காட்சி ஒன்று இருக்கிறது. சின்னப் பையன். ஏதோ ஒரு வித்தை சரியாக வரவில்லை. பலகையைத் தூக்கித் தரையில் அடிக்கிறான், மிதிக்கிறான். உடைந்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. பக்கத்தில் நிற்கிற பையன்கள் இதற்குப் பழகிப்போனவர்கள்போல நிற்கிறார்கள். முதலில் பார்க்கும்போது, இந்த வயதில் இப்படித்தான் என்று நானும் கடந்துபோனேன். பிறகு, வளர்ந்த கீயரை உட்காரவைத்து பிங் கேட்கிறார், உன் அப்பா உன்னை எப்படிக் கண்டிப்பார் என்று. அதை இப்போது குழந்தை வதை என்கிறார்கள் என்கிறான் கீயர், லேசாகச் சிரித்தபடி. அழுதாயா என்று பிங் கேட்கிறார். நீ அழமாட்டாயா என்று அவன் திருப்பிக் கேட்கிறான். நான் அழுதேன் என்கிறது கேமராவுக்குப் பின்னால் இருக்கிற குரல்.

நான் அழுதேன். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. அதுவரை கேள்வி கேட்கிற குரலாக மட்டும் இருந்தவருக்கும் ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டிலும் ஏதோ நடந்தது என்று நமக்குத் தெரிவது அந்த ஒரு பதிலில்தான்.

கீயருடைய அப்பா இறந்துபோனவர். அடித்த அதே அப்பாதான், கறுப்பனாகப் பிறந்ததற்கு ஒருநாளும் வருத்தப்படாதே, உன்னைத் தப்பாக எடைபோடுகிறவர்களின் நினைப்பைத் தினமும் பொய்யாக்கிக் காட்டலாமே என்கிற மாதிரி மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவரும். அவன் வளர்ந்த செட்டில் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பையன்கள். அவர்கள் ஒரு கூட்டத்தில் கறுப்பர்களைப் பற்றி ஜோக் அடித்துச் சிரிக்கிறார்கள். கேமரா கீயரின் முகத்தைக் காட்டுகிறது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நிற்கிற முகம். அவனுக்கு அப்பாவின் பேச்சு அப்போது நினைவுக்கு வந்திருக்குமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அடிக்கு முதுகு, அறிவுரைக்குக் காது. கொடுத்த ஆள் ஒருத்தர்தான் என்றால் பையன் எதை வைத்துக்கொள்வான், எதைத் தூக்கிப் போடுவான்?

அவனுடைய ஸ்கேட்போர்டில் கையால் எழுதிய ஒரு வாசகம் இருக்கும். இந்தக் கருவி மனவலியைக் குணப்படுத்தும் என்று பொருள். மருந்து டப்பாவில் அச்சடித்த மாதிரி. சரி, இளவட்டம் ஏதோ விளையாட்டாக எழுதியிருக்கிறது என்று நினைத்தால், இன்னொரு இடத்தில் பேச்சு வேறு பக்கம் போகிறது. ஸ்கேட்போர்டு உன்னை இவ்வளவு காயப்படுத்துகிறதே என்று வரும்போது, என் அப்பாவும்தான் காயப்படுத்தினார், அதற்காக அவர்மேல் உயிராக இல்லாமல் இருக்கிறேனா என்கிற மாதிரி சொல்கிறான். மருந்தும் காயமும் ஒரே பலகை. அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறான், நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. அப்பாவின் கல்லறையைத் தேடிப்போகிற காட்சியில் அந்தச் சாதாரணமும் போய்விடுகிறது. புல்வெளியில் கல் கல்லாகப் பெயர் பார்த்து நடக்கிறான். எங்கே என்று தெரியவில்லை. கண்டுபிடித்ததும் உடைந்துபோகிறான்.

இனி ஸாக்.

நீனாவும் அவனும் குழந்தையோடு வாழ ஆரம்பிக்கிறார்கள். இரண்டு பேரும் சின்ன வயசு. யார் எப்போது வேலைக்குப் போவது, யார் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, யார் வெளியே போய் நண்பர்களோடு இருப்பது என்று சண்டை. இதுவரை ஊர் உலகத்து வழக்கம்தான். ஸாக் தன் பக்கத்தைச் சொல்லும்போது, நீனாவுக்குக் கோபம் ஜாஸ்தி, அவள் ஒரு மாதிரி என்று தோன்றும்படி சொல்கிறான். செல்போனில் பதிந்த ஒரு சத்தமும் வருகிறது. நீனா கத்துகிறாள், கொன்றுவிடுவேன் என்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த நான், சரிதான், அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

அப்புறம் நீனாவைத் தனியாகப் பார்க்கிறோம். அவன் என்ன செய்தான் என்று அவள் சொல்கிறாள். முகத்தில் தழும்பு. அந்தப் பதிவில் கேட்ட கத்தலுக்கு முந்தி என்ன நடந்தது என்பது அந்தப் பதிவில் இல்லை, அவ்வளவுதான். பதிவு பொய் இல்லை. எங்கே ஆரம்பிக்கிறது என்பதுதான் பொய். வீட்டுச் சண்டையில் எந்த இடத்திலிருந்து கதை சொல்ல ஆரம்பிக்கிறோமோ அந்த இடத்தைப் பொறுத்துக் குற்றவாளி மாறிவிடுவான். பஞ்சாயத்துப் பேசிய எல்லோருக்கும் இது தெரியும்.

இங்கேதான் படம் எனக்கு வேறு மாதிரி ஆகிப்போனது. பிங் இந்தப் படத்தை இரண்டு விதமாக எடுத்திருக்கலாம். ஸாக் அடிக்கிறவன் என்பதை முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லியிருந்தால் நாம் எல்லோரும் பாதுகாப்பான தூரத்தில் உட்கார்ந்து அவனைத் திட்டியிருப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை. முதலில் நம்மை அவனோடு சேர்ந்து சிரிக்கவைக்கிறார். அவன் மகனைத் தூக்கிக் கொஞ்சுவதைக் காட்டுகிறார். நாம் அவனுக்கு நண்பர்களாகிவிடுகிறோம். அதற்கப்புறம்தான் சேதி வருகிறது. இப்போது நாம் பார்வையாளர்கள் இல்லை. ‘அவனா? சேச்சே, அவன் நல்ல பையனாச்சே’ என்று சொல்கிற அந்த நண்பன் நாம்.

மதுரையில் நாங்கள் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். எட்டு வீடு, ஒரு குழாய். மூன்றாவது வீட்டில் ஒரு அண்ணன். காம்பவுண்டுப் பையன்களுக்கு அவர்தான் தலைவர். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஸ்டூல் போட்டு கேரம் போர்டை வைப்பார். பவுடரை உள்ளங்கையில் கொட்டி, போர்டு முழுக்க வட்டமாகத் தேய்த்து, விளிம்பில் வாயால் ஊதிவிடுவார். ஸ்ட்ரைக்கரை எப்படிப் பிடிப்பது, கட் ஷாட் எப்படி, சுவரில் மோதித் திரும்பிவந்து எப்படிக் காய் விழவேண்டும் எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. தோற்றால் திட்டமாட்டார். ‘விடுறா தம்பி, அடுத்த போர்டு நம்மதுதான்’ என்பார். என் அப்பா ஒருநாளும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

சில ராத்திரிகளில் மூன்றாவது வீட்டிலிருந்து சத்தம் வரும். பாத்திரம் விழுகிற சத்தம் முதலில். அப்புறம் மதினியின் குரல், உயர்ந்து, சட்டென்று நின்றுபோகும். நின்றுபோவதுதான் மோசம். அப்போது எங்கள் அப்பா எழுந்துபோய் வாசல் லைட்டைப் போடுவார். அதுதான் அவர் தலையீடு. லைட் வெளிச்சம் அவர்கள் வாசல்வரை விழும். கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். அப்பா வந்து படுத்துக்கொள்வார். யாரும் யாரிடமும் பேசமாட்டோம்.

அப்படியொரு ராத்திரிக்கு மறுநாள் சாயங்காலமும் கேரம் நடந்தது. நாங்கள் நாலு பேர் போர்டைச் சுற்றி. மதினி எங்களுக்கு டீ கொண்டுவந்தார். தட்டை இடது கையால் பிடித்திருந்தார், வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. ஒவ்வொரு டம்ளராக நாங்களே எடுத்துக்கொண்டோம். டீ நன்றாக இருந்தது. ஆட்டம் என் கை. சிவப்பைப் போட்டு ஃபாலோவும் போட்டேன். அண்ணன் என் முதுகில் தட்டினார். அன்றைக்கு முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஸாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த மணிக்கட்டு இல்லை. முதுகில் விழுந்த அந்தத் தட்டுதான்.

பிங் என்ன செய்கிறார்? நண்பனின் மனைவி மாதிரி இருக்கிற பெண் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, அவன் என்னை அடித்தான் என்று சொல்லிவிட்டாள். அவனிடம் நான் இதைப் பேசட்டுமா என்று பிங் கேட்கிறார். வேண்டாம் என்கிறாள் நீனா. பயம். நீ கேட்டதற்கான கணக்கை அவன் என்னிடம்தான் தீர்ப்பான் என்கிற பயம். படம் எடுக்கிறவர் அந்தப் பயத்துக்கும் தன் கோபத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். நாம் லைட்டைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி கேமராவும் ஒரு வாசல் லைட்டா என்ற கேள்வி எனக்கு வந்தது.

இந்தப் படத்தைப் பற்றி ஒரு சிநேகிதியோடு நீண்ட வாக்குவாதம். அவளுடைய கட்சி இது: தெரிந்த பிறகும் தொடர்ந்து படம் எடுத்தது தப்பு, கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவன் சட்டையைப் பிடித்திருக்கவேண்டும். நான் அப்போது பிங்குக்காகப் பேசினேன். இப்போது பாதிதான் பேசுவேன். கேமரா இருந்ததால்தான் நீனா பேசினாள். அவள் பேச்சு அவள் வாயாலேயே முழுசாகக் கேட்கிறது. அதே சமயம் கேமரா பிங்குக்கு ஒரு மறைவிடமும்தான். அதற்குப் பின்னால் நிற்கிறவரை யாரும் திருப்பிக் கேள்வி கேட்க மாட்டார்கள். படத்தில் எனக்கு ஒரு குறை உண்டென்றால், நீனாவுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் தந்திருக்கலாம். மாமா அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு குடும்பம் இப்படியும் இருக்கலாமா என்று அவள் வியப்போடு பேசுகிற இடம் வருகிறது. அதை இன்னும் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். ஸ்கேட்போர்டு ஓட்டுகிற ஆண்பிள்ளைகளின் வலிக்கு ஒரு பலகை இருக்கிறது, தெரு இருக்கிறது, கத்திப் பாராட்டுகிற கூட்டம் இருக்கிறது. கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறவளுக்கு என்ன இருக்கிறது?

கடைசியில் பிங் ஸாக்கிடம் கேட்கத்தான் செய்கிறார். நேராக இல்லை, சுற்றிவளைத்து. ஸாக் சொல்கிற பதிலின் சாரம்: பெண்களை அடிக்கக்கூடாதுதான், ஆனாலும் சிலரைச் சில சமயம் ஒரு அறை அறையவேண்டியிருக்கிறது. இந்த வாக்கியத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையே இல்லை. டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டே எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ‘ஆனாலும்’ என்ற வார்த்தை வருகிற இடம்கூட மாறாது.

பிறகு ஒரு பேட்டியில் ஸாக் அழுகிறான். எப்போதும் கோமாளி வேஷம் போட்டுக்கொண்டு திரிவது சுலபம், என் வாழ்க்கை இப்படி ஆனதற்கு நானே காரணமாக இருக்கலாம் என்று நினைத்துப்பார்ப்பதுதான் கஷ்டம் என்கிற மாதிரி சொல்கிறான். அவனை மன்னித்துவிடுங்கள் என்று அந்தக் காட்சி கேட்கவில்லை. இன்னும் பார்த்துக்கொண்டே இருங்கள் என்கிறது. எனக்கு மன்னிப்பதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

எல்லாவற்றையும்விட நான் திரும்பத் திரும்பப் பார்த்தது பிங் தன் அம்மாவைப் பேட்டி எடுக்கும் காட்சியைத்தான். அம்மா ராக்ஃபோர்டில் மறுமணம் செய்துகொள்கிறார். அந்த மாற்றாந்தகப்பன் பிங்கை அடிக்கிறவர். பிங் அந்த வீட்டுக்கே திரும்பிப்போய், தன் தம்பியிடம், உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று முன்பே கேட்டிருப்பார். உன் அறையிலிருந்து வந்த அலறல் ஞாபகம் இருக்கிறது என்று தம்பி சொல்லியிருப்பான்.

இப்போது அம்மா ஒரு நாற்காலியில். விளக்கு, மைக், எல்லாம் முறைப்படி. இரண்டு கேமரா. ஒன்று அம்மாவைப் பார்க்கிறது. இன்னொன்று, படத்தில் அதுவரை நடக்காத விதமாக, பிங்கைப் பார்க்கிறது. தன்னைப் படம்பிடிக்கச் சொல்லிவிட்டு, அந்த ஆள் தவிக்கிறதைப் பார்க்கவேண்டும். கேள்வி கேட்கிறவர்களின் முகத்துக்கு ஒரு அமைதி இருக்கும், அது கேமராவுக்குப் பின்னால் இருப்பதால் வருகிற அமைதி. அது அங்கே இல்லை. உனக்குத் தெரியுமா என்றுதான் கேட்கிறார். நடந்தது உனக்குத் தெரியுமா, அம்மா.

அந்த அம்மா சொல்கிற பதில்களை வார்த்தை வார்த்தையாக இங்கே எழுதப்போவதில்லை. அழுகிறார். சாக்கும் சொல்கிறார், சாக்கு இல்லாமலும் சொல்கிறார். தனியாக இருக்கப் பயந்ததைச் சொல்கிறார். எனக்குத் தோன்றியது, தெரியாத மொழி பேசுகிற ஊரில், கூடப்பிறந்தவர்களோ மாமன் மச்சானோ கூப்பிடுகிற தூரத்தில் இல்லாமல், பிள்ளையோடு வந்து நின்ற பெண்ணுக்கு அந்த வீடு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்பது. அது மகனின் முதுகில் விழுந்த அடிக்குப் பதில் ஆகாது. இரண்டும் உண்மை. இரண்டு கேமராவும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்தப் படம் உனக்கு உதவுமென்றால் நான் பேசுகிறேன் என்ற நிலையில்தான் அந்த அம்மா அங்கே உட்கார்ந்திருக்கிறார். படத்தில் யாரும் யாருக்கும் கொடுத்ததிலேயே பெரிய பரிசு அதுதான் என்பது என் எண்ணம். அந்தப் பரிசை வாங்கிக்கொள்கிற பையனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் மகாபலிபுரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஊரில் எடுத்த ‘கமலி’ என்ற குறும்படத்தைப் பார்த்திருப்பீர்கள். சாஷா ரெயின்போ எடுத்தது, பிரிட்டனின் 2020 பாஃப்டா திரைப்பட விருதுக்கான குறும்படப் பட்டியலில் இருந்தது. வெறுங்காலோடு, கவுன் போட்டுக்கொண்டு, சரிவில் ஸ்கேட்போர்டை இறக்குகிற சின்னப் பெண்ணின் போட்டோ ஒன்று உலகம் சுற்றியதே, அந்தப் பெண்ணின் கதை. நம்மில் பலரும் அந்தப் போட்டோவைப் பகிர்ந்தோம். படத்தில் சரிபாதி அவளுடைய அம்மாவின் கதை என்பதையும், அந்த அம்மா வதை தாங்காமல் மண வாழ்க்கையை விட்டு வெளியே வந்தவர் என்பதையும் போட்டோ சொல்லவில்லை. சக்கரத்தைப் பார்க்கிற கண்ணுக்கு வீடு தெரிவதில்லை, ராக்ஃபோர்டிலும் சரி, கடற்கரை ஊரிலும் சரி.

கீயர் கடைசியில் ஊரைவிட்டுக் கிளம்புகிறான். பாத்திரம் கழுவி, பரிமாறி, சேர்த்த காசில் டென்வர் நகரத்துக்கு. ஸாக்கும் ஒருமுறை டென்வருக்குப் போய்விட்டுத் திரும்பியவன்தான், அதனால் போவதே விடுதலை என்று நான் நம்பத் தயாராக இல்லை. ஆனால் கீயர் போகிறபோது நான் எழுந்து நின்று கை தட்டாத குறை.

சென்ற மாதம் மூன்றாவது தடவை பார்த்தேன். இந்தத் தடவை ஸாக் வருகிற முதல் காட்சியிலிருந்தே அவனை முறைத்துக்கொண்டு பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். எல்லாம் தெரிந்த பிறகு இனி என்ன சிரிப்பு. பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. அவன் ஏதோ சொன்னான், சிரித்துவிட்டேன்.

நாலைந்து வருடம் முந்தி மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் யாரோ ‘டேய், தம்பி’ என்றார்கள். தலையெல்லாம் நரைத்து, கொஞ்சம் கூன் விழுந்து, அதே அண்ணன். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையாகவே சந்தோஷம், கண் கலங்குகிற அளவு. பழைய நினைப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான் வந்தது, நடந்து பந்திக்குப் போகிற வழியில். மதினி எங்கே என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டேன்.

பக்கத்துப் பக்கத்து இலை. கேரம் ஆடுறியாடா இன்னும் என்று கேட்டார். இல்லண்ணே, எங்க நேரம் என்றேன். சாம்பார் முடிந்து ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டு வந்த பையன் அவசரத்தில் அரைக் கரண்டியோடு நகரப் பார்த்தான். அண்ணன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

‘தம்பிக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா’ என்றார்.